பாப்பாவையும் கூட்டிட்டு வா

பள்ளிபாளையம்,
19-1-2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் பாப்பாவும் சுகம். அந்தச் சத்தீஸ்கர் காட்டில் நீங்களும் உங்கள் போர்வெல் ரிக் வண்டியும் சுகமாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு வராத கோபத்தைக் கரும்போடு சேர்த்து மென்று துப்பிவிட்டேன். இனி அதைப் பேச மாட்டேன். பேசினாலும் ஒன்றிரண்டு தடவைதான்.

பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். முன்னால் இல்லை, பின்னால். கீழ்வீட்டு இன்பமேரி அக்கா, "அப்பன் வண்டிக்கு ரிவர்ஸ் பாக்க ஆள் தயாராயிருச்சு" என்று சிரிக்கிறார். கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு, என்னவோ நான்தான் தள்ளிவிட்டதுபோல என்னை முறைக்கிறாள். அந்த முறைப்பு உங்களுடையது.

ஃபோன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பீர்கள். வாரத்துக்கு ஒருநாள் டவர் கிடைக்கிற மேட்டுக்கு வருகிறீர்கள். பக்கத்தில் வண்டி ஆட்கள் எல்லோரும் அவரவர் முறைக்கு நிற்கிறார்கள். "சாப்ட்டியா, பாப்பா தூங்குதா, சரி வெச்சரட்டா." அவ்வளவுதான் நம் பேச்சு. இதை அப்படிச் சொல்ல முடியாது. அதனால் திருச்செங்கோட்டிலிருந்து உங்களுக்கு ஸ்பேர் சாமான் ஏற்றி வருகிற குமாரசாமி அண்ணனிடம் முறுக்கு டப்பாவோடு கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள். சிரிக்கக் கூடாது.

எனக்குக் கனவு வரும்போதே அது கனவு என்று தெரியும். தெரிந்த பிறகு அதற்குள் நான் நினைத்தபடி நடக்கலாம், நினைத்த இடத்துக்குப் போகலாம். காலேஜ் விடுதியில் இருந்தபோது இணையத்தில் படித்துப் பழகியது. கனவில் எண்கள் நிற்காது. ஒரு தடவை பார்த்து, தலையைத் திருப்பி மறுபடி பார்த்தால் வேறாக இருக்கும். பகலிலேயே அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டால் கனவிலும் கண் தானாகப் பார்க்கும். மாறியிருந்தால் கனவு, மாறாவிட்டால் நிஜம். இங்கே எனக்கு எண்ணுக்குப் பஞ்சமா? எதிர்ச் சுவர் முழுக்க உங்கள் முதலாளியின் போர்வெல் விளம்பரம்தானே, ஆள் உயரத்துக்கு ஃபோன் நம்பரோடு.

கல்யாணமான பிறகு விட்டுப்போயிருந்தது. ஆயுதபூஜை முடிந்து நீங்கள் வண்டியோடு கிளம்பிய பிறகு மறுபடி ஆரம்பித்தேன். விடிவதற்கு முன் எழுந்து திரும்பப் படுத்தால் இந்தக் கனவு சுலபமாக வரும். விடுதியில் அதற்கு அலாரம் வைப்பேன். இப்போது அந்த வேலையைப் பாப்பா பார்த்துக்கொள்கிறாள்.

போவது எங்கே என்று கேட்பீர்கள். உங்களிடம்தான். மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரில் கால் வைத்து ஒரு எம்பு. காவிரிப் பாலமும் ஈரோட்டு வெளிச்சமும் கீழே போகும். அப்புறம் நீங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். நான் பேசுவதை முழுக்கக் கேட்பீர்கள்.

இதுவரை இது என் சொத்து மாதிரி இருந்தது. போன வியாழக்கிழமை மத்தியானம் பாப்பா அழுதாள். எனக்குக் கேட்டது. கனவில்தான் அழுகிறாள் என்று நினைத்துப் படுத்தே இருந்தேன். இன்பமேரி அக்கா மேலே ஏறி வந்து தூக்கியபோது பாப்பாவுக்குத் தொண்டையே கட்டிவிட்டிருந்தது. அக்கா திட்டவில்லை. "அசதி கண்ணு, தூங்கு" என்றார். திட்டியிருக்கலாம்.

இது ஆபத்தாங்க? விட்டுவிட வேண்டுமா? விட முடியுமா? நான் எங்கேயோ போயிருக்கிற நேரத்தில் பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கூகுளைக் கேட்டால் ஒருவர் நல்லது என்கிறார், ஒருவர் பைத்தியம் பிடிக்கும் என்கிறார். உங்களைக் கேட்கிறேன்.

உங்கள்
சுகன்யா


சைட்,
4-2-2025

அன்புள்ள அம்மிணிக்குக் கலையரசன் எழுதிக்கொள்வது.

முறுக்கு வந்து சேர்ந்தது. வழியில் உடைந்தது பாதி, ஆட்கள் தின்றது மீதி. கடுதாசியை யாருக்கும் காட்டவில்லை. கம்ப்ரசருக்குப் பின்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். சிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். ஒரே ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன். வெள்ளைச் சட்டையா! பாறையில் துளைபோடுகிற பிட்டு இறங்கும்போது பறக்கிற கல்மாவில் நாங்கள் எல்லோரும் திருநீறு கொட்டின மூட்டை மாதிரி இருக்கிறோம். நான் இங்கே வந்தபோது என்ன நிறச் சட்டை போட்டிருந்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது. நீ பேசுவதை முழுக்கக் கேட்கிறானா? அப்படியானால் சத்தியமாக அது நான் இல்லை. அந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இரு.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ வந்து போகிறாய் என்று படித்ததிலிருந்து இந்தக் காடு பழைய காடாக இல்லை. ராடு ஏற்றும்போது அடிக்கடி மேலே பார்க்கிறேன். கூட நிற்கிற பையன், "என்னண்ணா, மழை வருதா?" என்றான். "ஆமாண்டா, ஊட்டுலருந்து வருது" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆபத்தா என்று கேட்கிறாய். கனவுதானே, முழித்தால் போச்சு. பி.எஸ்சி. படித்தவள் இதற்குப் போய்ப் பயப்படலாமா? குழந்தை அழுவது தெரியாமல் தூங்கிப்போவது எந்தத் தாய்க்கும் நடப்பதுதான். விட வேண்டாம் அம்மிணி. அடிக்கடி வா. அடுத்த தடவை பாப்பாவையும் கூட்டிட்டு வா. அது தவழ்வதை ஃபோனில் பார்க்கலாம் என்றால் பாதித் தவழலில் படம் நின்றுபோகிறது.

கம்ப்ரசர் மஞ்சள் நிறம். கனவில் வேறு நிறமாக இருந்தால் மாற்றிக்கொள்.

உன்
கலையரசன்


பள்ளிபாளையம்,
23-2-2025

பாப்பா நன்றாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்துவிடுங்கள். எனக்கும் ஒன்றும் இல்லை.

உங்கள் கடுதாசி வந்த சந்தோஷத்தில் நான் முன்னைவிட அதிகமாகச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். பால் காய்ச்சும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். துணி அலசிக்கொண்டே பார்ப்பேன். அடிக்கடி வா என்று சொல்லிவிட்டீர்கள் அல்லவா. போன வாரம் பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டுக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் தோளிலேயே கிடந்தாள். படுத்தால் அழுகை, உட்கார்ந்தால் அழுகை. நின்றால் மட்டும்தான் அமைதி. நின்றுகொண்டே இருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். ஏறியதும் சுவரைப் பார்த்தேன். எப்போதும் இருக்கிற நம்பர். தண்ணீர்த் தொட்டி நிழலில் சற்று உட்கார்ந்தேன். கண் செருகியது தெரியவில்லை. முழித்துப் பார்த்தால் நம்பர் மாறியிருந்தது. தலையைத் திருப்பி மறுபடி பார்த்தேன். கடைசி எண்களைக் காணவே காணோம். வெறும் வெள்ளை.

பயம் வரவில்லைங்க. சந்தோஷம்தான் வந்தது. ஆஹா, கனவு. பாப்பாவும் இடுப்பில் இருக்கிறாள். நீங்கள் கேட்டது ஞாபகம் வந்தது. அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த ஹாலோ பிளாக் கல் மேல் ஏறி, ஒரு காலைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன். சுவர் சுட்டது. கனவில் ஒருநாளும் சுட்டதில்லை. சுட்டும் நான் காலை எடுக்கவில்லை. அதைத்தான் என்னால் யோசிக்க முடியவில்லை.

"யக்கா! ஏனுங் யக்கா! எறங்குங்க! கொளந்தைங்க!"

தெருவில் ஒரு ஆள் கத்தினான். கையிலிருந்த பெயிண்ட் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். நீலப் பெயிண்ட் ரோடெல்லாம் ஓடியது. பாப்பா அந்தச் சத்தத்துக்கு வீறிட்டாள். அந்த அழுகை என் விலா எலும்பில் அதிர்ந்தது. இறங்கிவிட்டேன்.

சுவர் விளம்பரம் எழுதுகிற கந்தனாம் அவன் பெயர். பெயிண்ட் கலக்க ஏணியிலிருந்து இறங்கிப் போயிருந்த நேரம் அது. இன்பமேரி அக்காவோடு மேலே வந்தவன் என்னைவிட அதிகமாக நடுங்கினான். "நம்பரைத்தானுங்க மாத்துனேன். ஓனரு புது நம்பரு எடுத்திருக்காருங்க. நான் என்னுங்க பண்ணுனேன்?" என்று அழாத குறை. அக்கா அவனுக்கும் எனக்கும் ஒரே சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பிறகு மாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே போனார். அன்று முழுக்கப் பாப்பாவை அவரே வைத்திருந்தார். நான் கேட்கவில்லை.

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். நீங்கள் சட்டை நிறத்தைப் பற்றி எழுதினீர்கள்.

நான் நல்ல அம்மாவாங்க? இதற்கு மட்டும் ஃபோனில் பதில் சொல்லாதீர்கள்.

சுகன்யா


சைட்,
6-3-2025

அம்மிணி,

கடுதாசியைப் படித்துவிட்டு மேட்டுக்கு ஓடினேன். நீ "நல்லா இருக்கோங்க" என்றாய். பின்னால் ஆட்கள் நின்றார்கள். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். அடுத்து நின்றவன், "அண்ணா, பேசி முடிச்சாச்சுல்ல, தள்ளு" என்றான். தள்ளி உட்கார்ந்தேன்.

பாப்பாவையும் கூட்டிட்டு வா என்று எழுதினவன் நான். வேறு என்ன எழுதுவது?

இனி இங்கே வராதே. தனியாகவும் வராதே. நீ வந்தால் நான் இருக்க மாட்டேன் என்று வைத்துக்கொள். முதலாளியிடம் ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மாற்று ஆப்பரேட்டர் சித்திரைக்குத்தான் கிடைப்பானாம். கிடைத்த அன்றே கிளம்புகிறேன். அதுவரைக்கும் தங்கச்சி அறிவுச்செல்வி வந்து உன்னோடு இருப்பாள். அவளுக்கு முழுக்கச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இனிமேல் இதை மறைக்கக் கூடாது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நல்ல மனநல டாக்டர் இருக்கிறாராம், அவள் விசாரித்துவிட்டாள். போய் வா. சாமி கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதே.

நல்ல அம்மாவா என்று கேட்டாய். எனக்கு எழுத வரவில்லை, ரெண்டு காகிதம் கிழித்தாச்சு. பாப்பா நன்றாக இருக்கிறாள் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். அது இல்லாமல் சொல்ல ஆரம்பித்திருந்தால் நான் படித்த இடத்திலேயே விழுந்திருப்பேன். அந்த நிலைமையிலும் அப்படி எழுதத் தோன்றியிருக்கிறது உனக்கு. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

கலையரசன்


பள்ளிபாளையம்,
19-3-2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் தங்கச்சி வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு மலைபோல விழுகிறது. ராத்திரிப் பாலையும் அவளே ஆற்றிக் கொடுத்துவிடுகிறாள். "அண்ணி, நீங்க கண்ண மூடிப் படுங்க, பாப்பாவோட நான் பேசிக்கறேன்" என்கிறாள். பேசுகிறாள், நிஜமாகவே. பாப்பாவிடம் தன் மாமியாரைப் பற்றிச் சொல்கிற கதைகளைக் கேட்டால் எனக்கே தூக்கம் போய்விடுகிறது.

டாக்டரைப் பார்த்தோம். என் வயதுதான் இருக்கும், பெண் டாக்டர். சொல்வதற்கு முன் நான் அழுதுவிட்டேன். காத்திருந்து கேட்டார்.

"கனவுல கனவுன்னு தெரியறது வியாதி இல்லம்மா. எத்தனையோ பேருக்கு எப்பவாவது தெரியும். அதனால பைத்தியமெல்லாம் பிடிக்காது. ஆனா பகல்ல இது கனவா நெசமான்னு எத்தனை தடவை பார்ப்பீங்க?"

விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன், விரல் போதவில்லை.

"தூக்கமே இல்லாத உடம்பு. அதுக்கு நாள் பூரா நெசத்தச் சந்தேகப்படப் பழக்கியிருக்கீங்க. ரெண்டும் சேர்ந்துதான் அன்னைக்கு மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு."

"விட முடியுமா டாக்டர்?"

"ஸ்விட்ச் மாதிரி அணைக்க முடியாது. சோதிச்சுப் பார்க்கறத நிறுத்துங்க. நடுவுல எழுப்பாம ஒரே தூக்கமா தூங்க விடச் சொல்லுங்க. கனவுல தெரிஞ்சாலும் ஒண்ணும் செய்யாதீங்க, எங்கேயும் போகாதீங்க. கண்டுக்காம விட்டா அதுவாக் குறையும்."

குழந்தை பிறந்த பிறகு மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.

டாக்டரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். எனக்கு அதை விட மனசு இல்லை. பாப்பாவுக்காக விடுகிறேன், சத்தியமாக விடுகிறேன். ஆனால் அங்கே நிற்கிற நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்து நின்று கேட்டீர்கள். ஃபோனில் நான் ஒரு வரி ஆரம்பிப்பதற்குள் "சரி வெச்சரட்டா" வந்துவிடுகிறது. கேட்கிற ஆளை விட்டுவிட்டுக் கேட்காத ஆளிடம் திரும்பி வருவதுபோல இருக்கிறது. இப்படி எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

சுகன்யா


சைட்,
2-4-2025

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கனவில் நிற்கிற அந்த ஆள் உன்னிடம் சொல்லாததை நான் சொல்கிறேன்.

எனக்கு இடது காது போய்விட்டது. போன வருஷமே குறைய ஆரம்பித்தது. கம்ப்ரசர் பக்கத்திலேயே நிற்கிற வேலை. பஞ்சு வைத்துக்கொள் என்பார்கள். வைத்தால் ராடு இறங்குகிற சத்தம் மாறுவது தெரியாது, அதனால் வைக்கவில்லை. இப்போது வலது காதிலும் ஓயாமல் இரைச்சல். ஃபோனில் நீ பேசுவது கொசகொசவென்றுதான் வருகிறது. திரும்பச் சொல் என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். காது கேட்காத ஆப்பரேட்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? அதனால் எனக்குத் தெரிந்த கேள்விகளையே கேட்டு, நீ சொல்லப்போகிற பதிலை நானே நினைத்துக்கொண்டு, வைத்துவிடுவேன். சாப்ட்டியா என்றால் சாப்பிட்டேன் என்றுதானே சொல்வாய்.

உன் கடுதாசிகள் வந்த பிறகுதான் நீ என்ன பேசுகிறாய் என்றே எனக்குத் தெரிகிறது.

அதனால் நீ வராதே. நான் எழுதுகிறேன். ஸ்பேர் வண்டி வருகிறபோதெல்லாம் எழுதுகிறேன். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இன்றைக்குத் தின்றது புளிச்சாறும் கருவாடும். சமையல்காரன் ஊருக்குப் போனதால் நான்தான் வைத்தேன். ஒருவனும் பாராட்டவில்லை. கட்டைவிரல் நகம் ராடு இடுக்கில் மாட்டிக் கறுத்துவிட்டது. நேற்று போட்ட போரில் தண்ணீர் வரவில்லை. அந்த வீட்டுக்காரர் எங்களுக்கு டீ வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அந்த டீ இறங்கவில்லை. இதெல்லாம் எழுதுகிற விஷயமா? நீதான் சொல்ல வேண்டும்.

காது விஷயம் அறிவுச்செல்விக்கு வேண்டாம். அவளுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

உன்
கலையரசன்


பள்ளிபாளையம்,
24-4-2025

ஏனுங்க,

அறிவுச்செல்விக்குச் சொல்லிவிட்டேன். இனிமேல் மறைக்கக் கூடாது என்று எழுதியது நீங்கள்தான். அவள் ஒரு பாட்டம் அழுது, ஒரு பாட்டம் உங்களைத் திட்டி, ஃபேர்லேண்ட்ஸிலேயே காது டாக்டருக்கும் பெயர் பதிந்துவிட்டாள். நீங்கள் வந்து இறங்கிய மறுநாள் அங்கேதான் போகிறோம். அதற்குள் பஞ்சோ, கடையில் விற்கிற காதடைப்போ, ஏதாவது வையுங்கள். ராடு இறங்குகிற சத்தத்தைவிட எனக்கு என் சத்தம்தான் முக்கியம்.

கருவாடு, நகம், டீ எல்லாம் எழுதுகிற விஷயம்தான். அந்த வீட்டுக்காரரை நினைத்து நானும் அன்று சாப்பிடவில்லை.

கனவைக் கேட்பீர்கள். நடுவில் சில தடவை வந்தது, தெரிந்தது. டாக்டர் சொன்னபடி எங்கும் போகவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை மிகவும் அழுகையாக வந்தது, நீங்கள் அங்கே காத்திருப்பதுபோல. அப்புறம் வெறும் சலிப்பு. டாக்டரிடம் போரடிக்கிறது என்றேன். "ரொம்ப நல்லது, போரடிக்கட்டும்" என்று சிரித்தார்.

இதையெல்லாம் எழுத இன்று உட்காரவில்லை. சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். விடியக்காலையில் நீங்கள் செய்த காரியத்துக்கு.

கோயில் மண்டபம் மாதிரி ஒரு இடம். பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என் அண்ணன் தமிழரசு தட்டு, பட்டுப்பாவாடை, தோடு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறான், வந்து சேரவில்லை. நீங்கள் அந்தக் கல்மாவு படிந்த உடம்போடு வந்து, "நேரமாச்சு, ஆகட்டும்" என்று சொல்லி, பாப்பாவைக் குமாரசாமி அண்ணன் மடியில் உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டீர்கள். ஸ்பேர் வண்டி டிரைவர் மடியில்! என் அண்ணன் வாசலில் தட்டோடு நிற்கிறான். அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? "உங்களுக்கு என்னுங்க அவ்வளவு அவசரம்?" என்று கத்தினேன். நீங்கள், "என்ன, என்ன சொல்றே?" என்று வலது காதைத் திருப்பிக்கொண்டு நிற்கிறீர்கள். அதற்கு மேல் கத்தினேன். கூட்டமே பார்த்தது. எனக்கு மானம் போய்விட்டது.

ஒரு கணம்கூட அது கனவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லைங்க. ஒரு கணம்கூட இல்லை. எல்லோரையும்போல வெறுமனே கனவு கண்டிருக்கிறேன்.

என் சத்தம் கேட்டு அறிவுச்செல்வி உலுக்கி எழுப்பினாள். எழுந்ததும் பக்கத்தில் கிடந்த பாப்பாவின் காதைத் தடவிப் பார்த்தேன். இந்தக் காது, அந்தக் காது. துளை இல்லை. தூக்கத்திலேயே என் கையைத் தட்டிவிட்டாள்.

ஆனாலும் உங்கள்மேல் கோபம் போகவில்லை. பாத்திரம் கழுவும்போதும் இருந்தது. எழுதும்போதும் இருக்கிறது. சீக்கிரம் வந்து சேருங்கள். நேரில் கொஞ்சம் கத்த வேண்டியிருக்கிறது.

உங்கள்
சுகன்யா